மரத்தில் ஏறி வேலை செய்பவர்களுக்கு: கயிறு, கருவி, பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளை கழிப்பது, வீட்டை ஒட்டி நிற்கும் பெரிய மரத்தைத் துண்டு துண்டாக இறக்குவது, தென்னை சுத்தம் செய்வது என்று மரத்தின் மேல் ஏறிச் செய்யும் வேலைகளைப் பற்றி ஏறுபவர்களும் மேஸ்திரிகளும் வீட்டுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். இதைப் படித்து மட்டும் யாரும் ஏறிவிட வேண்டாம். தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, ஆள் உயரத்தில் தொங்கிப் பழகிவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

சின்ன வயசுல இருந்து வெறுங்கால்லயே ஏறுறேன், ஒருநாளும் விழுந்ததில்லை. எனக்கு எதுக்குங்க பெல்ட்டும் கயிறும்?

உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏறும்போது இரண்டு கையும் இரண்டு காலும் மரத்தைப் பிடித்திருக்கின்றன. வேலை தொடங்கிய பிறகுதான் சிக்கல். ஒரு கை அரிவாளில், இன்னொரு கை கொப்பில், கண் கீழே நிற்கும் ஆளிடம். வெட்டிய பாரம் போனதும் நீங்கள் நிற்கும் கிளை சட்டென்று மேலே துள்ளும். முசுறு கடிக்கும். வியர்வையில் கால் வழுக்கும். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளக் கை மிச்சம் இருக்காது.

தலைமுறை தலைமுறையாகப் பனையேறும் திறமைசாலிகளே காலில் தளை மாட்டாமல் ஏறுவதில்லை. நாம் பின்பற்ற வேண்டியது ஒரே விதிதான்: தரையிலிருந்து காலை எடுத்ததிலிருந்து மறுபடி தரையில் வைக்கும்வரை உடம்பு ஏதாவது ஒரு கயிற்றுக் கட்டோடு இணைந்திருக்க வேண்டும். கிளை மாறும்போதுகூடப் புதிய கட்டை மாட்டிய பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இந்த விதியைச் சுற்றித்தான் வரும்.

முதல்ல என்னென்ன வாங்கணும்? எல்லாத்தையும் ஒரே நேரத்துல வாங்கக் காசு இல்லை.

தாடைப் பட்டை உள்ள ஹெல்மெட், மரவேலைக்கான ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்ப்பட்டை), ஏறும் கயிறு, தானாகப் பூட்டிக்கொள்ளும் காராபினர் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி) நான்கைந்து, இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிப் போடும் நீளம் மாற்றக்கூடிய லேன்யார்டு, பிடிமுடிச்சு (பாரம் விழுந்தால் ஏறும் கயிற்றைக் கவ்விக்கொள்ளும் முடிச்சு) போட ஒரு சின்னக் கயிறு, மேலே வீசி எறியச் சன்னமான எறிகயிறும் எடைப்பையும். ஒருவர் ஏற இது போதும். கைவாள் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு கனத்துக்குக் கீழே உள்ள கிளைகளுக்கு அதுவே செயின்சாவைவிட வசதி.

காசு குறைவாக இருந்தால் மேலே கொண்டு போகும் செயின்சாவைக் கடைசியாக வாங்குங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெரிய மெஷின் இருக்கும், கயிறு மட்டும் கிணற்றுக் கயிறாக இருக்கும். அடுத்த கூலியில் இரண்டாவது ஹார்னஸும் இரண்டாவது கயிறும் வாங்குங்கள். ஏன் இரண்டாவது என்பது மீட்பு பற்றிய கேள்வியில் வருகிறது.

கட்டட வேலைக்கு விக்கிற சேஃப்டி பெல்ட் போதாதா? அதுலயும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கே?

ஐ.எஸ். 3521 முத்திரை உள்ள முழு உடல் ஹார்னஸ் நல்ல பொருள்தான். ஆனால் அது விழுபவரைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்தது. கொக்கி முதுகில் இருக்கும். அதில் தொங்கினால் முகம் முன்னால் சாயும், இரண்டு கையாலும் வேலை செய்ய முடியாது. மர ஹார்னஸில் தொடைக்கும் இடுப்புக்கும் அகலமான பட்டை இருக்கும். முன்பக்கம் கயிறு மாட்டும் இடமும், இரண்டு பக்க இடுப்பில் லேன்யார்டு வளையங்களும் இருக்கும். அதில் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். ஐரோப்பிய முத்திரை பார்த்து வாங்குபவர்கள் இ.என். 813, இ.என். 358 இரண்டும் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

வயிற்றில் மட்டும் கட்டும் ஒற்றைப் பெல்ட்டை மட்டும் நம்பி ஏறவே ஏறாதீர்கள். விழுந்தால் இடுப்பு மடங்கி விலா, முதுகெலும்பு இரண்டும் அடிபடும். தலைகீழானால் உடம்பு அதிலிருந்து நழுவியும் விடும்.

கடையில கிலோ கணக்குல விக்கிற கயிறு கட்டைவிரல் தடிமன் இருக்கு. 12 மில்லி கயிறுக்கு எதுக்கு அவ்வளவு விலை?

நீலம், பச்சை, மஞ்சள் நிறத்தில் சுருளாக விற்பது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அது ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நைலான் 220 டிகிரிக்கு மேல்தான் உருகும், பாலியெஸ்டர் அதற்கும் மேல். பிடிமுடிச்சு கயிற்றில் வழுக்கி இறங்கும்போது உரசலில் சூடேறும், அங்கே இந்த வித்தியாசம் உயிர் விஷயம். அதோடு, வெயிலில் கிடந்தால் அந்தக் கயிறு உள்ளுக்குள் பொடிந்துபோகும். வெளியே தடிமன் அப்படியே இருக்கும்.

மர வேலைக்கான கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதிகம் இழுபடாது, முடிச்சு நன்றாகக் கவ்வும், எவ்வளவு இழுவை தாங்கும் என்று சோதித்து எழுதியிருப்பார்கள். இ.என். 1891 ஏ வகை, 22 கிலோநியூட்டனுக்குக் குறையாத கயிறு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கிலோநியூட்டன் என்றால் சுமார் 100 கிலோ. இவ்வளவு எதற்கு என்றால், முடிச்சு போட்ட இடத்தில் பலம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும், பழசானால் இன்னும் குறையும். ஆள் தொங்கும் கயிற்றில் பத்து மடங்கு பலம் கையில் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் கணக்கு. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் ரப்பர்போல நீளும் கயிறும் நமக்கு உதவாது.

காராபினர் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. சாவிக்கொத்துக்கு விற்பதும், திருகிப் பூட்டும் சாதாரண வகையும் வேண்டாம். திருகு வகை கயிறு உரசி உரசித் தானாகக் கழன்றுகொள்ளும். தூக்கி, திருப்பி, உள்ளே தள்ளினால்தான் திறக்கும் மூன்று அசைவுப் பூட்டு வாங்குங்கள். மேலே பலம் அச்சடித்திருக்க வேண்டும். அந்தப் பலம் நீளவாக்கில் இழுக்கும்போதுதான். குறுக்கே திரும்பிப் பாரம் விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அது நேராக இருக்கிறதா என்று கண்ணால் ஒரு பார்வை பார்க்கப் பழகுங்கள்.

தொழிற்சாலை ஹெல்மெட் போட்டுக்கலாமா?

கீழே நிற்பவர் போடலாம். மேலே ஏறுபவருக்கு மலையேற்ற வகை, அதாவது இ.என். 12492 தேவை. தொழிற்சாலை ஹெல்மெட்டின் தாடைப் பட்டை 15 முதல் 25 கிலோ இழுவையிலேயே விட்டுவிடும்படி செய்தது. எதிலாவது மாட்டிக்கொண்டால் கழுத்து நெரியக் கூடாது என்பதற்காக அப்படி. ஏறுபவருக்கோ ஆடி மரத்தில் மோதும்போதும் தலையில் ஹெல்மெட் இருந்தாக வேண்டும்.

கயிறை மேல மாட்ட ஒருத்தர் எப்படியும் வெறுங்கையோட ஏறித்தானே ஆகணும்?

வேண்டாம், அதற்குத்தான் எறிகயிறு. 2 மில்லிமீட்டர் சன்னக் கயிற்றின் நுனியில் 250 முதல் 400 கிராம் வரை எடையுள்ள பையைக் கட்டி, கீழிருந்தே கவட்டைக்கு மேலாக வீசுவது. பை இந்தப் பக்கம் இறங்கியதும் அதில் ஏறும் கயிற்றைக் கட்டி இழுத்துவிடலாம். பழகினால் 15 மீட்டர் உயரத்துக்கு வீச முடியும். பழகும்வரை எரிச்சலாகத்தான் இருக்கும், விடாதீர்கள்.

கயிறு விழுந்த கவட்டை பச்சையாக, நடுத்தண்டோடு சேர்ந்ததாக, குறைந்தது 10 சென்டிமீட்டர் கனமுள்ளதாக இருக்கட்டும். பைனாகுலர் இருந்தால் பாருங்கள், கைபேசி கேமராவில் பெரிதாக்கியும் பார்க்கலாம். அப்புறம் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து முழு எடையோடு தொங்கி உதறிப் பாருங்கள். முறிவதாக இருந்தால் நீங்கள் தரையில் நிற்கும்போதே முறியட்டும்.

எந்த மரத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாது?

புளி ஒடியாமல் வளைந்து கொடுக்கும். வேம்பு நல்ல நிலையில் இருந்தால் நம்பலாம். முருங்கையில் ஏறுவதே கூடாது. நெட்டிலிங்கம், யூகலிப்டஸ், செம்மயிற்கொன்றை, இயல்வாகை எல்லாம் சொல்லாமல் ஒடியும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா அடித்தபோது சென்னைத் தெருக்களில் செம்மயிற்கொன்றையும் இயல்வாகையும் எத்தனை சாய்ந்தன என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் படுக்கையாக வெகுதூரம் போகும். நுனிப் பாரம் பயங்கரமாக இருக்கும், வெட்டத் தொடங்கியதும் பிளந்துகொண்டு வரும்.

ஆனால் சாதியைவிட அந்தத் தனி மரத்தின் நிலைமை முக்கியம். ஏறுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து வாருங்கள். தூரில் தட்டுத்தட்டாகக் காளான் இருக்கிறதா? வேர்ப் பக்கம் மண் வெடித்திருக்கிறதா? சாலைக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ பள்ளம் தோண்டி வேரை அறுத்திருக்கிறார்களா? மரச்சுத்தியால் தட்டினால் எங்கே சத்தம் மாறுகிறது? இரண்டு தண்டு கூர்மையான வி வடிவில் சேரும் இடத்தில் பட்டை உள்பக்கம் மடிந்திருந்தால், அந்தச் சேர்க்கைக்குப் பலமில்லை. காய்ந்த மரம் மிக மோசம். ஒரு வருடத்துக்கு மேல் பட்டுப்போய் நிற்கும் மரத்தில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிடுவது நல்லது. பக்கெட் வைத்த வண்டியோ கிரேனோ வரட்டும்.

தென்னைக்கும் இதே முறைதானா?

இல்லை. தென்னையில் கவட்டை கிடையாது, மட்டையில் கயிறு மாட்டவும் முடியாது. அதனால் தண்டைச் சுற்றிப் பிடிக்கும் கருவிதான் வழி. கேரளத்தின் செம்பேரியில் உருவான நின்றபடி ஏறும் கருவி நம் ஊரிலும் பரவலாகக் கிடைக்கிறது; உட்கார்ந்து ஏறும் வகையும் உண்டு. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் இளைஞர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்துவருகிறது. எந்தக் கருவியானாலும், அதைச் சேராத தனிப் பட்டை ஒன்றைத் தண்டைச் சுற்றி ஹார்னஸில் மாட்டிக்கொள்ளுங்கள். கருவி வழுக்கினாலும் நீங்கள் மரத்தோடு இருக்க வேண்டும். மேலே போனதும் மட்டையைப் பிடித்துத் தொங்கும் வழக்கத்தை விடுங்கள். பழுத்த மட்டை கையோடு வந்துவிடும்.

ஏறும் முன் அடித்தண்டைப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து காய்ந்திருந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952-ல் தஞ்சாவூர்ப் பகுதியில் முதலில் கண்டறிந்த, கனோடெர்மா என்ற பூஞ்சையால் வரும் அடித்தண்டழுகல் அது. வெளியே பட்டை நன்றாகத் தெரிய, உள்ளே தண்டும் வேரும் சோறாகியிருக்கும். தண்டில் ஓட்டை, நார் தள்ளியிருப்பது, காதை வைத்தால் கரகரவென்று சத்தம் கேட்பது எல்லாம் சிவப்புக் கூன்வண்டின் அடையாளம். இப்படிப்பட்ட மரத்தில் காய்க்காக ஏற வேண்டாம்.

காலில் ஸ்பைக் கட்டிக்கிட்டா பத்து நிமிஷத்துல மேல போயிடுறேன். ஏன் வேண்டாங்கிறாங்க?

வெட்டிச் சாய்க்கப் போகும் மரமென்றால் தாராளமாகக் கட்டுங்கள். உயிரோடு விடப்போகும் மரமென்றால் கூடாது. ஒவ்வொரு குத்தும் பட்டைக்குக் கீழே உள்ள வளரும் படலத்தைக் கிழிக்கிறது, பூஞ்சைக்கு அதுதான் கதவு. தென்னை, பனைக்கு அந்தப் படலமே கிடையாது, அதனால் அவற்றின் தண்டில் விழுந்த காயம் கடைசிவரை மூடாது. படி வெட்டிய பழைய தென்னைகளில் அந்தப் பள்ளங்கள் இன்றும் அப்படியே இருப்பது இதனால்தான்.

இன்னொன்று, ஸ்பைக் வேகமாக ஏற்றும், ஆனால் பிடித்துக்கொள்ளாது. அது நழுவினால் லேன்யார்டு தண்டோடு உரசிக்கொண்டே கீழே வரும். வெட்டும் மரத்திலும் லேன்யார்டைத் தண்டில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுகும்படி போடுங்கள், அல்லது மேலிருந்து கயிறும் சேர்த்து மாட்டுங்கள்.

ஒத்தைக் கயிறு முறை நல்லதா, ரெட்டைக் கயிறு முறை நல்லதா?

ரெட்டை முறையில் கயிறு கவட்டைக்கு மேலாகப் போய் இரண்டு கால்களும் உங்களிடமே வரும். ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் இழுக்க வேண்டும், ஆனால் பாதிப் பலம் போதும். கிளைகளுக்குள் அங்குமிங்கும் நகர்ந்து வேலை செய்ய இது சுகம். ஒற்றை முறையில் கயிறு நிலையாக நிற்கும், நீங்கள் அதன் மேல் கால்பிடி வைத்து ஏறுவீர்கள். உயரமான மரத்தில் உடம்பு களைக்காது. புதிதாகப் பழகுபவர் ரெட்டையில் தொடங்கட்டும்.

ஒற்றை முறையில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கயிற்றின் மறுநுனியை அடிமரத்தில் கட்டினால், மேலே உள்ள கவட்டையில் உங்கள் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விழும். 80 கிலோ ஆள் ஏறினால் கவட்டை 160 கிலோ சுமக்கிறது. ஒரு பக்கம் நீங்கள் இழுக்க, மறுபக்கம் கட்டு அதே அளவு இழுக்கிறது. அதனால் இரண்டு பேர் தொங்கிப் பார்க்கும் சோதனையை மறுநுனியைக் கட்டிய பிறகு செய்யுங்கள். அடியில் கட்டிய அந்தக் கயிற்றுப் பக்கம் கீழே யாரும் செயின்சா, அரிவாள் கொண்டு போகக் கூடாது. அதை அறுத்தால் மேலே இருப்பவர் நேராகத் தரைக்கு வருவார்.

கயிறுல மாட்டியாச்சு, அப்புறம் லேன்யார்டும் எதுக்கு? வேலை இழுக்குதே.

கையில் வெட்டும் பொருள் இருக்கிறது, அது கயிற்றையும் வெட்டும். செயின் ஓடும்போது இறுகிய கயிற்றில் லேசாகப் பட்டாலே போதும். அதனால் வாள் எடுக்கும் முன் இரண்டு கட்டு, அதுவும் ஒரே கிளையை நம்பாமல் தனித்தனி இடத்தில். உள்ளே எஃகுக் கம்பி வைத்த லேன்யார்டும் கிடைக்கிறது. செயின்சா பட்டால் அது சற்றுத் தாமதிக்கும், முழுதாகக் காக்காது. மின்கம்பி பக்கம் அதைக் கொண்டு போகவும் கூடாது.

பிரிட்டனில் 2005-ல் வந்த உயரப்பணி விதிகளே ஒரு கட்டு போனால் இன்னொன்று பிடிக்க வேண்டும் என்கின்றன. இப்போது அங்கே ஏறும் நேரம் முழுக்கவே இரண்டு தனித்தனிக் கயிறு என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

வீடியோல எல்லாரும் செயின்சாவை ஒத்தைக் கையிலதான் பிடிக்கிறாங்க. அப்படி வெட்டலாமா?

வெட்டக் கூடாது. மேல் கைப்பிடி உள்ள சின்ன மெஷின் ஒற்றைக் கைக்காகச் செய்ததுபோல் தோன்றும், உண்மையில் அது நெருக்கமான இடத்தில் இரண்டு கையால் பிடிக்கச் செய்தது. செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின் நுனியில் மேல் கால்வட்டம் எதிலாவது முட்டினால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். இடது கை முன்பிடியில் பெருவிரல் சுற்றிப் பிடித்திருந்தால்தான் அதைச் சமாளிக்க முடியும், செயின் பிரேக்கும் விழும். ஒற்றைக் கையால் பிடிப்பவர்கள் இன்னொரு கையால் கிளையைப் பிடிக்கிறார்கள். அந்தக் கைதான் வெட்டுப்படுகிறது.

இரண்டு கையும் எட்டாத இடமென்றால் நீங்கள் நிற்கும் இடம் தவறு. கயிற்றையும் லேன்யார்டையும் மாற்றி மாட்டி நகருங்கள், இல்லையென்றால் கைவாளை எடுங்கள். மெஷினைத் தோளுக்கு மேல் தூக்கி வெட்ட வேண்டாம். ஹார்னஸில் தொங்கவிடும் முன் பிரேக் போடுங்கள்.

செயின்சா பேண்ட் நம்ம வெயிலுக்குச் சரிப்படுமா?

சூடுதான், மறுக்க மாட்டேன். உள்ளே அடுக்கடுக்காக நீள இழைகள் இருக்கும்; செயின் பட்டதும் அவை பிடுங்கிக்கொண்டு வந்து சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்தும். தரையில் வெட்டுபவருக்கு முன்பக்கம் மட்டும் காக்கும் ஏ வகை போதும், லுங்கி மேலேயே கட்டிக்கொள்ளும் முன்தட்டாகவும் கிடைக்கிறது. ஏறுபவருக்குக் கால் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் சுற்றிலும் காக்கும் சி வகை. வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 11-க்குள் மேல்வேலையை முடியுங்கள். நடுப்பகலில் கீழே கிடப்பதைத் துண்டு போடலாம். பேண்ட் வாங்க முடியாதவரை மேலே கைவாள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளையை எங்க வெட்டணும்? தண்டோட ஒட்ட வெட்டினாத்தானே பார்க்க நல்லா இருக்கும்?

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டு, அதற்கு வெளியே வெட்டுங்கள். அமெரிக்க மர நோயியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, சுற்றிலும் சுவர் எழுப்பி அழுகலை அடைத்து வைக்கிறது என்று காட்டினார். 1977-ல் அந்த விளக்கம் வெளியானது. அந்தச் சுவருக்கான இடம்தான் இந்தப் புடைப்பு. ஒட்ட வெட்டினால் அது போய்விடும். தார், பெயின்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அவர் காட்டியதுதான்.

கனமான கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடியில் கால்பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக. பாரம் போன பிறகு மிச்சக் கட்டையைப் புடைப்பை ஒட்டி. முதல் வெட்டை விட்டால் பட்டை உரிந்துகொண்டு தண்டில் நீளத்துக்கு இறங்கும், நீங்கள் லேன்யார்டு போட்டிருக்கும் இடமும் சேர்ந்து கிழியும்.

வீட்டுக்காரர் மொட்டை அடிக்கச் சொல்றாரு. அப்பதான் புயலுக்குப் பயமில்லையாம்.

எடுத்துச் சொல்லுங்கள். தலை வெட்டிய இடத்தில் ஒரே வருடத்தில் பத்துப் பதினைந்து குருத்து வரும். அவை பட்டைக்குக் கீழிருந்து மேலோட்டமாக முளைப்பவை, பிடிப்பு இருக்காது. கீழே வெட்டுவாய் அழுகத் தொடங்கும். மூன்று நான்கு வருடத்தில் மரம் முன்பைவிட ஆபத்தாகிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி வாக்கில், காய்ந்ததையும் உரசுவதையும் எடுத்து நுனிப் பாரத்தைக் குறைப்பது போதும். பச்சைத் தழையில் கால்பங்குக்கு மேல் ஒரே முறை எடுக்க வேண்டாம்.

கயிறு கட்டித்தான் கட்டையை இறக்கினோம். கயிறு புதுசு, ஆனாலும் அறுந்துடுச்சு. எப்படி?

முதலில் எடை. ஈர மரம் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் என்று வையுங்கள். 30 சென்டிமீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளம் என்றால் சுமார் 70 கிலோ. விட்டம் 60 ஆனால் இரு மடங்கு என்று நினைக்கிறார்கள், அது நான்கு மடங்கு, 280 கிலோ. அடுத்தது விழும் தூரம். கயிறு கட்டிய இடம் வெட்டுக்குக் கீழே இருந்தால், கட்டை ஒரு மீட்டர் விழுந்த பிறகுதான் கயிறு இறுகும். அந்த உதறலில் எடையைப்போல் பல மடங்கு இழுவை வரும். மேலே கப்பி இருந்தால் கப்பியைக் கட்டிய இடத்தில் அதுவும் இரட்டிப்பாகும்.

கப்பியை வெட்டுக்கு மேலே, வேறு கிளையில் மாட்ட முடிந்தால் மாட்டுங்கள். முடியாதபோது சின்னத் துண்டாக எடுங்கள். கீழே பிடிப்பவர் கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றி, கட்டை விழுந்ததும் சட்டென்று நிறுத்தாமல் ஓடவிட்டு மெதுவாகப் பிடிக்க வேண்டும். இதைத் தெரிந்த ஆள் கூலியைக் கூட்டிக் கேட்டாலும் கொடுங்கள். பாரம் இறக்கிய கயிற்றை ஆள் ஏறும் கயிறாக எப்போதும் பயன்படுத்தாதீர்கள், இரண்டும் வேறு நிறத்தில் இருக்கட்டும்.

மின்கம்பி பக்கத்துல போகுது. வீட்டு ஃப்யூஸைப் பிடுங்கினா போதுமா?

போதாது. அது வீட்டுக்குள் போகும் மின்சாரத்தை நிறுத்தும், தெருக்கம்பியில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மூன்று மீட்டருக்குள் கம்பி இருந்தால், நீங்களோ கிளையோ கருவியோ எது நெருங்குவதாக இருந்தாலும், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து எல்.சி. (லைன் கிளியர், அதாவது கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்க வேண்டும். லைன்மேன் வந்து சுவிட்சைத் திறந்து, எர்த் போட்டு, அவர் வாயால் ஏறலாம் என்று சொன்ன பிறகு ஏறுங்கள். தெருவில் கரண்ட் போய்விட்டது என்பதை நம்பி ஏறாதீர்கள். எந்த நொடியும் வரும்; பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தவறாக இணைத்திருந்தால் பின்பக்கமாகவும் வரும். கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

11 கே.வி., 22 கே.வி. கம்பிகளைத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே தாவும். ஈர மட்டை மின்சாரம் கடத்தும். மூங்கில் அலக்குக்குப் பதிலாக அலுமினியக் குழாயில் தொரட்டி கட்டுவது இப்போது எங்கும் பரவிவிட்டது. கம்பி உள்ள தோப்பில் அதை எடுக்கவே கூடாது.

ஏறின பிறகு கதண்டு கூடு கண்ணுல பட்டா?

வெட்டுவதை நிறுத்தி, ஆட்டாமல் இறங்குங்கள். தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொன்னால் வந்து அகற்றுவார்கள். கீழிருந்தே கூடு தேடும் வேலையை முதல் சுற்று நடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தமில்லாமல் இறங்க முடிவதும் கயிற்றில் இருப்பவருக்குத்தான்.

புயல்ல சாய்ஞ்ச மரம் தரையிலதானே கிடக்கு, அதுல என்ன ஆபத்து?

நிற்கும் மரத்தைவிட அதிகம். 2018 நவம்பரில் கஜா முடிந்த பிறகு டெல்டாவில் கிடந்த மரங்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால், எந்தத் தண்டு எந்தப் பக்கம் வில்லாக இறுகியிருக்கிறது என்று தெரியாது. அமுங்கிய பக்கம் முதலில் கொஞ்சம், அப்புறம் விறைத்த பக்கம் சிறிது சிறிதாக வெட்டுவதுதான் முறை. விறைத்த பக்கத்தில் முதலில் ஆழமாக வைத்தால் தண்டு பிளந்து அடிக்கும்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும், மண்ணோடு நிற்கும் வேர்த்தட்டு சட்டென்று பழையபடி நிமிரும். குழிக்குள்ளோ தட்டுக்குப் பின்னாலோ ஒருவரும் நிற்கக் கூடாது, குழந்தைகளைத் தூரத்தில் வையுங்கள். பாதி முறிந்து இன்னொரு மரத்தில் சாய்ந்து நிற்பதில் ஏறவே வேண்டாம். இயந்திரம் வைத்து இழுக்க வேண்டிய வேலை அது.

மேல தொங்கிட்டு இருக்கும்போது மயங்கிட்டா? 108 வந்து இறக்கிடுவாங்கல்ல?

108-க்கு உடனே சொல்லுங்கள், ஆனால் ஆம்புலன்ஸில் வருபவர்கள் மரம் ஏற மாட்டார்கள். அசையாமல் ஹார்னஸில் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். அதனால் இறக்கும் வேலை உங்கள் ஆட்களுடையதுதான். கீழே நிற்பவர்களில் ஒருவருக்காவது ஏறத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தனி ஹார்னஸ், தனிக் கயிறு, ஒரு கத்தி தயாராக இருக்க வேண்டும். இரண்டாவது கயிற்றை வேலை தொடங்கும்போதே மேலே மாட்டி வைத்துவிட்டால் பாதி நேரம் மிச்சம். ஒற்றைக் கயிறு முறையில் அடிமரத்தில் கட்டும் நுனியை ஓர் இறக்கும் கருவியில் கட்டியிருந்தால் கீழிருந்தே ஆளை இறக்கலாம். அந்த முறையின் பெரிய நன்மை இது. மாதம் ஒருமுறை ஒருவரை மயங்கியதுபோல் தொங்கவிட்டு இறக்கிப் பழகுங்கள்.

நினைவோடு தொங்குபவர் கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். கயிற்றில் ஒரு வளையம் போட்டு அதில் நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. இறக்கிய பிறகு உட்காரவைக்க வேண்டும் என்பது பழைய அறிவுரை. படுக்கவைத்துச் சாதாரண முதலுதவி செய்வதுதான் இன்றைய முறை. வெட்டுக்காயம் என்றால் ரத்தத்தை அழுத்தி நிறுத்துவது முதல் வேலை. அழுத்தக்கட்டு ஒன்று ஏறுபவர் இடுப்பிலேயே இருக்கட்டும். தனியாக ஒருவர் மட்டும் போய்ச் செய்யும் மரவேலை என்று ஒன்று இருக்கவே கூடாது.

கயிறும் ஹார்னஸும் எத்தனை வருஷம் வரும்?

துணிப் பொருள்களுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்சம் 10 வருடம். தினமும் வேலை செய்பவருக்கு அதில் பாதிகூட வராது. பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியான ஒருவர் பரிசோதித்து எழுதித் தர வேண்டும் என்பது சட்டம். நீங்களும் ஒரு நோட்டுப் போட்டு வாங்கிய தேதி, பார்த்த தேதி எழுதுங்கள். தினமும் காலையில் கயிற்றை முழு நீளமும் கைக்குள் ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளே மெலிந்தோ, விறைப்பாகவோ, உருகி மினுமினுப்பாகவோ தட்டுப்பட்டால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். பிடிமுடிச்சுக் கயிறு சீக்கிரம் போகும், விலையும் குறைவு, அதில் கஞ்சம் வேண்டாம்.

வண்டியில் பேட்டரி அமிலம், பெட்ரோலோடு கயிற்றை வைக்காதீர்கள். அமிலம் பட்ட நைலான் வெளியே தெரியாமலேயே செத்துவிடும். அழுக்கானால் சாதாரண சோப்புநீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள்.

மரம் வெட்ட யார்கிட்ட அனுமதி வாங்கணும்? விபத்துன்னா காப்பீடு ஏதாவது கிடைக்குமா?

தெருமரம் உள்ளாட்சிக்குச் சொந்தம், வீட்டு வாசலில் நின்றாலும் வீட்டுக்காரர் சொன்னார் என்று தொடக் கூடாது. அரசு நிலத்து மரங்களுக்கு மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. மலைப்பகுதிகளில் 1955-ம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. சந்தனம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். அனுமதித் தாளின் நகலை வேலை முடியும்வரை மேஸ்திரி கையில் வைத்திருக்கட்டும்.

தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா விபத்துக் காப்பீடு உண்டு, ஆண்டுத் தொகையில் ஒரு பகுதியை வாரியமே கட்டும். பனைத் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் இருக்கிறது. மற்ற மரங்களில் வேலை செய்பவர்கள் அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குக் கூப்பிடும் வீட்டுக்காரர்கள் விலை பேசும்போதே, எத்தனை ஹார்னஸ் கொண்டு வருவீர்கள், கீழே நிற்பவரில் யாருக்கு ஏறத் தெரியும், காப்பீடு இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டுவிடுங்கள்.